ரயில் கேட்டில் பள்ளிக்கூடம் நடத்திய எங்கள் சின்னம்மா

சின்னம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரும் நண்பர்களும் சென்ற ஆண்டே எங்களோடு அழுதவர்கள். மீண்டும் அழ வைப்பது என் நோக்கமன்று. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் வளர்த்த பிள்ளைகளான எங்கள் நால்வருக்கும் இன்றைக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. ஒருவர் சொல்லி முடிக்குமுன் இன்னொருவர் குறுக்கே புகுந்துவிடுகிறோம். அந்தக் குதூகலம் குறையாமலும், அதே சமயம் முன்பின் மாறாமலும் எழுதித் தரும்படி அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு மட்டும் இருப்பதுதான் காரணம். நான் நாட்குறிப்பு தொடங்குவதற்கு முந்திய நிகழ்ச்சிகளை நால்வரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். மூவராவது ஒத்துக்கொண்டதையே இங்கே சேர்த்திருக்கிறேன்.

சின்னம்மா பிறந்தது நாகப்பட்டினம். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் எங்களைப் பெற்ற அம்மா, இளையவர் சின்னம்மா. மூத்தவருக்கு வாய்க்காத ஒன்று இளையவருக்கு வாய்த்தது: மிஷன் பெண்கள் பள்ளியில் சில ஆண்டுப் படிப்பு. தமிழைத் தெளிவாக எழுதுவார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார், பேச வராது. தகப்பனார் காலமானதும் அந்தப் படிப்பு நின்றுபோனது.

அப்பா அப்போது கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடும் ரயில் பாதையில் கேட்டுக்காரராக இருந்தார். செம்மண் சாலை ஒன்று தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் இடம் அது. ஒரு பக்கம் புதிதாக ரப்பர்க் கன்று நட்ட தோட்டம், மறுபக்கம் காடு. கேட்டை ஒட்டி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீடு. அங்கேதான் எங்கள் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். சில ஆண்டுகள் அப்பா எங்களைத் தனியாகவே வைத்துச் சமாளித்தார். பிறகு பெரியவர்கள் பேசி முடிக்க, சின்னம்மா கப்பலேறி வந்து, சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் இறங்கி, அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக அந்தப் பலகை வீட்டுக்குள் நுழைந்தார்.

அப்போது அண்ணனுக்குப் பதினொரு வயது, மூத்த பெண்ணான எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஆறு, தங்கைக்கு நான்கு. நால்வரில் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அக்கம்பக்கத்தில் பள்ளியே கிடையாது. வந்த சில நாட்களிலேயே சின்னம்மா இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டார். பெரியவனை இன்னும் ஓராண்டு போனால் தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதாக அதன் மேஸ்திரியான மண்டோர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று அப்பா நிம்மதியாகச் சொன்னார். சின்னம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் அப்பாவிடம் சொன்னதை அப்பா கடைசிவரை எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார்.

“மண்டோர் கேட்ட அந்த ஒரு வருசத்த எனக்குக் குடுங்க. நாலு பேரையும் கோலாலம்பூர் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் நிறுத்துறேன். எடுத்துக்கிட்டா படிக்கட்டும். எடுத்துக்கலைன்னா, பெரியவன நானே கடப்பாறை எடுத்துக் குடுத்து அனுப்பி வைக்கிறேன்.”

விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்தப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை அரிச்சுவடி வகுப்பில் சேர்ப்பார்கள். பன்னிரண்டு வயதை எட்டும் பையனை அங்கே உட்கார வைக்கமாட்டார்கள். அவன் வயதுக்கேற்ற வகுப்பின் கணக்கையும் வாசிப்பையும் செய்து காட்டினால்தான் இடம். ஆகவே அண்ணன் பல ஆண்டுப் பாடத்தை ஓராண்டில் தாண்ட வேண்டியிருந்தது. கற்றுக்கொடுக்க இருந்தவரோ தானே பாதியில் படிப்பை விட்டவர். நாலு வயதும் பதினொரு வயதும் கேட்டோரம் போட்ட ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு. சமையலும் துணி துவைப்பும் அவருக்கே.

சின்னம்மா அதற்குக் கண்ட வழியை நினைத்தால், ஆசிரியத் தொழிலில் இத்தனை காலம் இருந்துவிட்ட எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. நான்கு பிள்ளைகளுக்கு நான்கு பாடம் அவர் நடத்தவில்லை. ஒரே பாடத்தைத்தான் நடத்தினார். அந்தப் பாடம் தண்டவாளத்தின் மேல் ஓடி வந்தது.

சரக்கு வண்டி ஒன்று போகும். தங்கை பெட்டிக்கு ஒரு புளியங்கொட்டையாக எடுத்து வைக்க வேண்டும். தம்பி அவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கு இத்தனை மூட்டை அரிசி என்று சின்னம்மா ஒரு கணக்கு வைப்பார். மொத்தம் எத்தனை மூட்டை என்று நான் பெருக்க வேண்டும். அந்த அரிசி வழியிலுள்ள தோட்டங்களில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் காணும் என்பது அண்ணனுக்கு விட்ட கணக்கு. ஒருவர் விடை தவறினால் அடுத்தவர் கணக்கும் தவறிவிடும். அதனால் தங்கை கொட்டையை ஒழுங்காக வைக்கிறாளா என்று நாங்கள் மூவரும் கழுத்தை நீட்டிப் பார்ப்போம். அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் அன்றைக்கு எத்தனையோ குடும்பம் பட்டினி.

எழுத்தும் அப்படித்தான். பெட்டிகளின் பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருந்ததே தங்கை முதலில் கற்ற ஆங்கிலம். தம்பி பெட்டி எண்களை வாசிப்பான். நான் அப்பாவின் கால அட்டவணையிலிருந்து நிலையங்களின் பெயர்களை எழுதுவேன். அண்ணன் ரயில்வே விதிப் புத்தகத்தை வாசிக்க, அதிலுள்ள கடினமான சொற்களுக்குப் பொருள் தெரியாமல் சின்னம்மாவும் அவரும் சேர்ந்து விழிப்பார்கள். எந்த நிலையத்துக்காவது போகும் குமாஸ்தா கேட்டில் நின்றால் சின்னம்மா விடமாட்டார். பொருள் சொன்ன பிறகுதான் அவருக்கு மோர் கிடைக்கும்.

அண்ணன் முதலில் பலகைக்கே வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். எழுதும்படி அவரே சொன்னார். அம்மாவின் இடத்துக்கு வந்தவர் என்று அவருக்குச் சின்னம்மாவின் மேல் கோபம். அம்மா என்றும் அழைக்கவில்லை, சின்னம்மா என்றும் அழைக்கவில்லை. பாடம் நடக்கும்போது கேட்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நிற்பார். சின்னம்மா ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. ஒருநாள் வண்டி ஒன்று போக, அதிலிருப்பது ஈயம் என்று வைத்து எனக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். கம்பத்திலிருந்து குரல் வந்தது.

“அது ஈயம் இல்ல. வெறும் பொட்டி. கடகடன்னு ஆடுது, கேட்டாத் தெரியல?”

“எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க இங்க வந்து சொன்னா நல்லாருக்கும்” என்றார் சின்னம்மா, தலையைத் திருப்பாமல்.

அண்ணன் வந்து சொன்னார். சொல்லி முடிக்க நேரமானதால் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அழைப்பதில் மாற்றமில்லை. “இந்தாங்க” என்றுதான் பேசுவார்.

கேட்டு மூடியிருக்கும்போது மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடம் வேடிக்கை. ஒருவர் எப்போதும் கிண்டல் செய்வார்: “டீச்சரம்மா, சும்மாதான நிக்குது, எம் மாட்டுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்க.”

“உங்க மாடு நில்லுன்னா நிக்குது, போன்னா போகுது. அது எப்பவோ பாஸாயிருச்சு அண்ணே. நீங்கதான் பாக்கி” என்றார் சின்னம்மா. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வண்டிக்காரர் அடுத்த தடவை கோலாலம்பூர் பாசாரிலிருந்து வரும்போது எங்களுக்கு ஒரு கட்டுப் பலப்பம் வாங்கி வந்தார்.

இனி, இந்தக் கட்டுரை முழுவதும் எதைப் பற்றியோ அந்த விதிக்கு வருகிறேன்.

ஒரு முற்பகல் தங்கையின் பலப்பம் உருண்டு தண்டவாளத்துப் பக்கம் போனது. விசில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பலப்பத்தின் பின்னால் ஓடினாள். சின்னம்மா பலகையைத் தாண்டிப் பாய்ந்து அவள் பின்சடையைப் பிடித்து இழுத்ததும் எஞ்சின் கடந்ததும் ஒன்றாக நடந்தன. சின்னம்மா அவளை அடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு விதி போட்டார். விசில் கேட்டால், எது பாதியில் நின்றாலும் சரி, பலப்பத்தைக் கீழே வைக்க வேண்டும். எழுந்து பலகைக்குப் பின்னால் நின்று கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டி போன பிறகு சின்னம்மா தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்ப்பார். தம்முடைய பழைய பச்சைச் சேலையில் கிழித்த துண்டை உயர்த்தி, அப்பாவிடம் கேட்டுப் பழகிய ரயில்வே வார்த்தையில், “லைன் கிளியர்” என்பார். அதற்குப் பிறகுதான் உட்காரலாம். அப்பாவே கூப்பிட்டாலும் அதற்கு முன் அசையக் கூடாது. அந்த ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட நாங்கள் அதை மீறவில்லை. மீறக்கூடும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தது. அப்பாவுக்குக் கேட்டை விட்டு வர வழியில்லை. சின்னம்மா கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் நால்வரையும் ரயிலில் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றார். (அது தேக்கிலை என்பது தங்கையின் கட்சி. மற்ற மூவரும் வாழையிலை என்கிறோம்.) ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் சிறிய மிஷன் பள்ளி அது. தலைமை ஆசிரியர் ஒரு துரை. அவருக்கு உதவியாக ஒரு தமிழ் ஆசிரியர். பெற்றோர் வெளி வராந்தாவில் நிற்க வேண்டும். பிள்ளைகள் மட்டும் உள்ளே.

துரை தங்கையிடம் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அவள் சத்தமாக, பெருமையாக, ரயில் பெட்டியில் எழுதியிருக்கும் வரிசையில் சொல்லி நிறுத்தினாள். துரை அதற்கு மேல் என்ன என்றார். அவள், அடுத்த பெட்டியிலும் அதேதான் என்றாள். தமிழ் ஆசிரியர் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்.

பிறகு அண்ணனுக்கும் எனக்கும் தம்பிக்கும் சிலேட்டில் கணக்கு. அண்ணனுக்குக் கொடுத்தது நீளமான வகுத்தல். பக்கத்திலிருந்து பார்த்தேன்: அரிசி மூட்டைக் கணக்கைவிடச் சுலபம். அவர் கை பறந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் இரண்டு வரி எழுதினால் விடை.

அந்தப் பள்ளிக்குப் பின்னால் ரயில் பாதை போவது எங்களுக்குத் தெரியாது. விசில் கேட்டது.

மூன்று பலப்பமும் ஒன்றாகக் கீழே விழுந்தன. நால்வரும் எழுந்தோம். பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டோம். வண்டி கடந்து போனது. துரை உட்காரச் சொன்னார். நாங்கள் நின்றோம். மறுபடி சொன்னார், நின்றோம். அந்த ஆங்கிலம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. லைன் கிளியர் ஆகாமல் எப்படி உட்காருவது? தமிழ் ஆசிரியர் பதறிப்போய், “ஏய், துரை சொல்றாருல்ல, உக்காருங்கடா” என்றார். தங்கை அவரை இரக்கத்தோடு பார்த்தாள். துரையின் முகம் சிவந்தது. அண்ணனின் முடியாத சிலேட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். அண்ணனின் கடப்பாறை அந்த நிமிஷத்தில் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அப்போதும் என் கால் அசையவில்லை.

சின்னம்மா ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பச்சைத் துண்டு வீட்டில் இருந்தது. அன்று கட்டியிருந்தது சிவப்புச் சேலை. தலைப்பைக் காட்டினால் ஆபத்து என்று அர்த்தம். அவர் அறைவாசலுக்கு வந்தார். கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தார். புளிச்சோற்றை அப்படியே வராந்தாத் தரையில் கவிழ்த்துவிட்டு, வாழையிலையை உதறி, தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

நால்வரும் உட்கார்ந்தோம். அண்ணன் எட்டித் தம் சிலேட்டை இழுத்து, மீதி இரண்டு வரியை எழுதி முடித்தார்.

துரை வாசலைப் பார்த்தார். அங்கே சோற்றுப் பருக்கை ஒட்டிய இலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். துரை அவரிடம் ஏதோ கேட்டார். சின்னம்மாவுக்கு அதுவரை ஒரு வெள்ளைக்காரரிடமும் பேசிப் பழக்கமில்லை. அவருக்குச் சொல்லத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். அதைச் சொன்னார்.

“லைன் கிளியர், சார்.”

தமிழ் ஆசிரியர் சின்னம்மாவிடம் விவரம் கேட்டுத் துரைக்குச் சொன்னார். கேட்டு வீடு, உருண்ட பலப்பம், பச்சைத் துண்டு எல்லாவற்றையும் சொன்னார். துரை அண்ணனின் சிலேட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கள் சிலேட்டுகளையும் பார்த்தார். ஒரு தாளில் எழுதித் தமிழ் ஆசிரியரிடம் கொடுத்தார். அண்ணனுக்கு அவர் வயதுக்கேற்ற வகுப்பிலேயே இடம். எனக்கும் தம்பிக்கும் இடம். தங்கைக்கு, மற்ற எழுத்துகளையும் கற்றுக்கொள்ளும் நிபந்தனையின் பேரில், அரிச்சுவடி வகுப்பில் இடம். இதற்குள் வராந்தாவில் நின்ற மற்றத் தாய்மார் கொட்டிய சோற்றைக் கூட்டி எடுத்துவிட்டுத் தங்கள் சாப்பாட்டைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். அத்தனை ருசியான சாப்பாட்டை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

திரும்பிப் போகும்போது எங்கள் கேட்டை ரயில் கடந்தது. அப்பா பச்சைக் கொடியோடு நின்றார். நால்வரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, சேர்த்துக்கொண்டார்கள் என்று கத்தினோம். அவர் கொடியை ஆட்டிய ஆட்டத்தில் ஓட்டுநர் பயந்திருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் ரயிலிலேயே பள்ளிக்குப் போய் வந்தோம். சில ஆண்டுகளில் அப்பாவுக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே ரயில்வேக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியேறினோம். சின்னம்மாவுக்குச் சொந்தமாகக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட வந்தால், பலகையில் இடமில்லை என்பார். பின்கட்டில் அந்தப் பலகையைப் போட்டு, பள்ளியில் சேரும் வயது வராத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். இதை வாசிப்பவர்களில் பலர் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்கள். புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள், பெயர் எழுதவில்லை.

அப்பா காலமான பிறகும் அவர் தளரவில்லை. அண்ணன் ரவாங்கில் ஸ்டேஷன் மாஸ்டரானார். தம்பி செந்தூல் ரயில் பட்டறையின் படம் வரையும் பிரிவில் சேர்ந்தான். நான் கிள்ளானில் ஆசிரியையானேன். தங்கை சின்னம்மாவை விட்டுப் போகாமல், திருமணமான பிறகும் அதே தெருவில் குடியிருக்கிறாள். அண்ணன் மாதந்தோறும் வந்து பார்ப்பார். பழம் வைப்பார், மருந்து வைப்பார். பேச்சு “இந்தாங்க”தான். ஒருமுறை நான் இதை எடுத்துச் சொல்லப் போனபோது சின்னம்மா என்னைத் தடுத்தார். “கூப்புடாட்டி என்னா? கூப்புடாமயே வந்து நிக்கிறான்ல” என்றார்.

கடைசி நாட்களில் கண் மங்கிவிட்டது. படுத்தபடியே ஓசையைக் கேட்டு, இது கிள்ளான் வண்டி, இது வெறும் பெட்டி என்று சொல்வார். சரிதானா என்று அண்ணனைப் பார்ப்பார். அண்ணன் சரி என்பார். வலியென்று ஒருநாளும் முனகவில்லை. காலை வண்டி போன பிறகு அமைதியாகப் பிரிந்தார்.

அவருடைய நோயில் வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு மாறி மாறி உடனிருந்த லைன் வீட்டுத் தாய்மாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய செந்தூல் பட்டறை நண்பர்களுக்கும், கிள்ளானிலிருந்து வந்து அடுப்பை ஏற்றுக்கொண்ட என் மாணவியருக்கும், இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நாங்கள் நால்வரும் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் தெருமுனையில் ரயில் கேட்டு இருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் பெண்கள் அதுவரை உடன் சென்று திரும்புவது வழக்கம். சின்னம்மாவைத் தூக்கிக்கொண்டு அங்கே சேர்ந்தபோது கேட்டு மூடியிருந்தது. தூக்கி வந்தவர்கள் பாடையை மெதுவாக இறக்கி வைத்தார்கள். விசில் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொள்ளிச் சட்டியைத் தம் கையிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு அண்ணன் நிமிர்ந்து நின்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். தம்பி கட்டிக்கொண்டான். பெண்கள் கூட்டத்திலிருந்து தங்கையும் நானும் முன்னால் போய் அவர்கள் பக்கத்தில் நின்றோம். நரை விழுந்த நான்கு தலைகள். வண்டி கடந்தது. கேட்டு திறந்தது. நாங்கள் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் போகலாம் என்றார்கள், நாங்கள் நகரவில்லை. அந்தக் கேட்டுக்காரர், இளைஞர், எங்களைச் சற்று நேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டுப் பச்சைக் கொடியை எங்களுக்காக உயர்த்திப் பிடித்தார்.

அண்ணன் குனிந்து சட்டியை எடுத்தார். பாடையின் அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“லைன் கிளியர், அம்மா” என்றார். “போவோம்.”